நீலப் பெட்டியா, சாம்பல் பெட்டியா?

மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் "மார்க்கெட் மாதிரி" என்பீர்கள். அதனால் இருமல் விட்டதா என்று மட்டும் கேட்கிறேன்.

தீர்ப்பு வந்த பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தாள்களைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். முன்னாள் மருமகள் முன்னாள் மாமியாருக்கு எப்படி எழுதுவாள் என்று யாரைப் போய்க் கேட்பது? கடைசியில், நமக்குள் சண்டைக்கு என்றும் பஞ்சமில்லாத விஷயத்திலேயே ஆரம்பித்துவிடலாம் என்று தோன்றியது.

நம் இருவர் பெயரிலும் சேர்த்து வாங்கிய நீலப் பெட்டிக்காரன் ஷேர்களை விற்றுவிடலாமா?

அவற்றை வாங்கிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். சாப்பாட்டு மேஜை முழுக்கச் செய்தித்தாளைப் பரப்பிவைத்துக்கொண்டு, நீல நிறத்தில் கம்ப்யூட்டர் செய்கிறவன் உருப்படுவானா, சாம்பல் நிறத்தில் செய்கிறவன் உருப்படுவானா என்று காலையிலிருந்து வாதாடினோம். "இந்த வீட்ல ரெண்டு நிதியமைச்சர் இருக்காங்க, சோறு போடத்தான் ஆளைக் காணோம்" என்றார் உங்கள் மகன். அன்றைக்கு நீங்கள் ஜெயித்தீர்கள். இப்போது மேல்முறையீடு செய்கிறேன்.

இந்த ஊரில் எனக்குக் கிடைத்த வேலை ஆஸ்பத்திரியின் கொள்முதல் பிரிவில். இரண்டு நிறப் பெட்டிகளும் இங்கே உண்டு. எது எப்படி உழைக்கிறது என்று தினமும் கண்ணால் பார்க்கிறேன். நீலப் பெட்டியின் மூடிக் கீல் தொட்டாலே கழன்று வருகிறது. பழுது பார்க்க ஆள் வருவதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்கே போய்விடுகிறார். சாம்பல்காரன் ஆர்டர் வந்த பிறகுதான் பெட்டியையே செய்கிறான். விற்காத சரக்கு என்று அவனிடம் எதுவும் தேங்குவதில்லை. நர்சுகளுக்கும் சாம்பல்தான் பிடித்திருக்கிறது. மேல்பக்கம் தட்டையாக இருக்கிறதாம், டீ டம்ளர் வைக்க வசதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் இருக்கும் அறையின் வீட்டுக்காரம்மா, தனியாக இருக்கும் பெண் என்பதால் என் செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு செருப்பு இருக்கிறதா என்று தினமும் எட்டிப் பார்க்கிறார். சின்னதாக ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறேன். என் பங்கை முன்பணமாகக் கொடுத்துவிடுவேன். உங்கள் பங்கைச் சாம்பலில் போடுங்கள். எதுவும் கூட்டாக இல்லாமலிருப்பதே நல்லது என்று வக்கீலும் சொல்கிறார். படிவம் இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

அன்புடன்,
நான்தான்


மார்ச் 13

அம்மாடி,

இருமல் விட்டது, நீ எழுதாததுதான் விடாமல் இருந்தது. இப்போது அதுவும் விட்டது.

முன்னாள், பின்னாள் என்றெல்லாம் எழுதாதே. கோர்ட் உன்னை என் மகனிடமிருந்துதான் பிரித்தது. தீர்ப்பை நானும் கண்ணாடி போட்டுப் படித்தேன். என் பேர் அதில் எங்கேயும் இல்லை.

இனி புரோக்கர் ஆபீஸ் முகவரிக்கே எழுது. வீட்டுக்கு வந்தால் அவன் முகம் வாடும். எனக்கு இங்கேதான் பகல் பொழுது போகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துவிட்டு ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தவள் என்பதால் எனக்கு இங்கே "எக்ஸ்சேஞ்ச் அம்மா" என்று பேர். பெஞ்சில் பக்கத்தில் ஒரு பல் டாக்டர் உட்காருவார். எந்த ஷேரை வாங்கினாலும் வேர் விடுவதற்குள் பிடுங்கிவிடுவார், பழக்கதோஷம்.

சரி, நீலத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போட முடியாது.

அவனுக்குக் கடன் கிடையாது. கையில் ரொக்கம் வைத்திருக்கிறான். உன் சாம்பல்காரன் மலிவாக விற்றே பேர் வாங்கினவன். நாளைக்கு அவனைவிட மலிவாக ஒருத்தன் கடை விரித்தால் இவன் எங்கே போவான்? ஆண்டறிக்கையில் அவன் லாபத்தைத் தேடிப் பார்த்தேன். பூதக்கண்ணாடி கேட்கிறது.

அதோடு நான் ஒரு சோதனையும் செய்தேன். இரண்டு பேருடைய உதவி எண்ணுக்கும் போன் போட்டேன். சாம்பல்காரன் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தான். நீலக்காரன் பக்கம் ஒரு பையன் உடனே எடுத்தான். "சொல்லுங்கம்மா, கம்ப்யூட்டர ஆன் பண்ணிட்டீங்களா?" என்றான். "என்கிட்ட கம்ப்யூட்டரே இல்லப்பா" என்றேன். கொஞ்சமும் எரிச்சல்படவில்லை. "பரவாயில்லம்மா, வாங்கினதும் கூப்பிடுங்க" என்றான். எத்தனை குரலைக் கேட்டவள் நான்! அந்தக் குரலை நம்பிப் பணம் போடலாம்.

மேல்பக்கம் தட்டையாக இருப்பதெல்லாம் ஒரு பெருமையா? கம்ப்யூட்டர் வாங்குகிறீர்களா, டீப்பாய் வாங்குகிறீர்களா?

அந்த வீட்டுக்காரம்மாவுக்காக என்னுடைய பழைய செருப்பு ஒரு ஜோடி அனுப்பட்டுமா? வாசலில் போட்டு வை, குழம்பிப் போகட்டும்.

உன் அத்தை


மார்ச் 21

அன்புள்ள அத்தைக்கு,

குரல் நன்றாக இருந்தால் பணம் போடலாம் என்கிறீர்கள். உங்கள் மகனுக்கும் குரல் நன்றாகத்தான் இருக்கும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுதிய பிறகு அடிக்க மனம் வரவில்லை.

நீங்கள் சொல்லும் அந்தப் பையன் போனில் தேனாகப் பேசுவான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்குரூ டிரைவரோடு வர வேண்டியவன் வருவதில்லை. எங்கள் எக்ஸ்ரே பதிவு அறையில் ஒரு நீலப் பெட்டி செத்துக் கிடக்கிறது. பில்லிங் பெண் அதன் மேல் அட்டை மூடி, பூந்தொட்டி வைத்துவிட்டாள். சாய்வான மேல்பக்கம் ஆனதால் தொட்டியும் சரிந்து விழுந்தது. உயிரோடிருந்தும் உதவவில்லை, செத்தும் உதவவில்லை.

லாபம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அது தெரிந்தேதான் அவன் அப்படி விற்கிறான். முதலில் எல்லா மேஜையிலும் உட்கார்ந்துகொள்வோம், பிறகு சம்பாதிக்கலாம் என்று நினைக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வாங்கும் கம்ப்யூட்டர் முழுவதும் சாம்பலாக இருக்கட்டும் என்று பரிந்துரை எழுதி என் பேரில் கையெழுத்திட்டேன். மேலிடமும் சம்மதித்துவிட்டது. உங்களைப் பணம் போடச் சொல்வது மட்டுமில்லை, என் வேலையையே அவன் மேல் வைத்திருக்கிறேன். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் உங்களுக்கு?

ஃபிளாட்காரர் இன்னும் கொஞ்ச நாள்தான் பொறுப்பாராம். படிவம் உங்களிடம்தானே இருக்கிறது?

செருப்பு அனுப்புங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அன்புடன்,
நான்தான்


ஏப்ரல் 2

அம்மாடி,

குரல் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்து பெஞ்சில் உட்கார்ந்தபடியே சிரித்தேன். "எது ஏறிடுச்சு?" என்று பல் டாக்டர் எட்டிப் பார்த்தார்.

இனிமேல் வீட்டுக்கே எழுது. உன் கடிதத்தை அவன் பார்த்துவிட்டான். என் பையில் மாத்திரை தேடும்போது கைக்கு அகப்பட்டிருக்கிறது.

"அவகூட உனக்கு இன்னும் என்னம்மா பேச்சு?" என்றான்.

"ஷேர் பேச்சு."

"கோர்ட்டுல எனக்கு எதிரா சாட்சி சொன்னது போதாதா?"

அந்தப் பேச்சை அவன் எடுத்தது இதுவே முதல் தடவை. கோர்ட்டுக்குப் போய் வந்த பிறகு எத்தனையோ நாள் என்னோடு அவன் சாப்பிட உட்காரவே இல்லை. இதை உனக்கு நான் எழுதவில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது?

"உனக்கு எதிரா சொல்லலடா. கேட்டதுக்கு உள்ளத சொன்னேன். நீ என் புள்ளைங்கிறது மாறல. அவ எனக்கு வேணும்கிறதும் மாறல" என்றேன்.

எழுந்து போனான். மறுநாள் காலை செய்தித்தாளில் பங்குச் சந்தைப் பக்கத்தைத் தனியாக எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தான். அவன் வாயால் சொல்ல மாட்டான். இப்படித்தான் சொல்லுவான். உன்னிடமும் இப்படித்தான் இருந்திருப்பான். கட்டினவளுக்கு இது போதாது, எனக்குத் தெரியும். பெற்றவளுக்குப் போதும்.

படிவம் பத்திரமாக இருக்கிறது. நீலக்காரனின் காலாண்டுக் கணக்கு வரட்டும், பிறகு பார்ப்போம். மொத்தத்தையும் சாம்பலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்கிறாயே, ஒரே கடையில் இப்படி எல்லாவற்றையும் வாங்கலாமா? எனக்குப் பயமாக இருக்கிறது.

செருப்பு பார்சலில் வருகிறது.

உன் அத்தை


மே 9

அத்தை,

நீங்கள் பயந்தது நடந்துவிட்டது.

இரத்தப் பரிசோதனைப் பிரிவில் புதிய சாம்பல் பெட்டி ஒன்று புகைய ஆரம்பித்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வரிசையில் நின்ற நோயாளிகளை எல்லாம் வெளியே ஓட வைக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் கழித்து மருந்துக் கவுண்டரில் இன்னொன்று. இப்போது எல்லாப் புதுப் பெட்டிகளையும் அணைத்துவிட்டு, பதிவெல்லாம் கையால் எழுதுகிறோம்.

பரிந்துரையில் இருப்பது என் கையெழுத்து மட்டும்தான். கம்பெனியோடு எனக்கு ஏதோ உடன்பாடு இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுத்தான் கேட்கிறது. கேண்டீனில் நான் உட்கார்ந்தால் அந்த மேஜை காலியாகிவிடுகிறது.

எனக்கு எழுத வேறு ஆள் இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான்தான்


மே 15

அம்மாடி,

கடிதத்தைப் பார்த்ததும் உன் ஆபீசுக்குப் போன் போட்டேன். விசாரணையில் இருக்கிறாய் என்றார்கள். சரி, உன்னைத்தானே பிடிக்க முடியவில்லை, அவனைப் பிடிப்போம் என்று சாம்பல்காரனைக் கூப்பிட்டேன்.

பாட்டு ஓடியது. ஓடட்டும் என்று ரிசீவரைக் காதோடு பிடித்தபடி இருந்தேன். புரோக்கர் ஆபீஸே என்னை வேடிக்கை பார்த்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். "அம்மாடி, நானும் உன்ன மாதிரி காதுல மாட்டிக்கிட்டு உட்கார்ந்தவதான். உனக்குத் தர முடியாத பதில நான் உன்கிட்ட கேட்கல. உனக்கு மேல யாரு, அவருக்கும் மேல யாரு, அவர்கிட்ட லைன குடு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மாற்றிவிட்டாள்.

அங்கிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து இன்னொருவர். முடிவில் சர்வீஸ் பிரிவின் தலைவரே வந்தார்.

"நீங்க ஆஸ்பத்திரிலேர்ந்து பேசுறீங்களா மேடம்?"

"இல்ல. உங்க ஷேர வாங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கிறவ. அங்க உங்க பெட்டி புகையுது. நீங்க என்ன செய்யப் போறீங்கங்கிறத வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "உள்ள மின்சாரம் மாத்துற பாகம் ஒரு தொகுப்புல சரியில்லம்மா. இப்பத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. நானே நேர்ல போறேன்" என்றார்.

பொய் சொல்கிற குரல் இல்லை அது. ஆனாலும் குரலை வைத்து இனி எதுவும் சொல்ல மாட்டேன், நீ மறுபடி ஏதாவது எழுதுவாய்.

அவர் வந்தாரா? உடனே எழுது. கேண்டீனில் காலியான மேஜையிலேயே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடு. இடம் தாராளமாக இருக்கும்.

உன் அத்தை


மே 27

அன்புள்ள அத்தைக்கு,

வந்தார். கூடவே இரண்டு பேரும், வேன் நிறையச் சாமானும். தலைமை நிர்வாகி அறையில் எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டு, "குறை எங்க மேலதான் சார். இவங்க கேட்டது எல்லாமே சரியான அளவுல, சரியான தரத்துல இருக்கு. நாங்கதான் அப்படிக் குடுக்கல" என்றார். எல்லாப் பெட்டியிலும் அந்தப் பாகத்தை மாற்றிவிட்டுத்தான் போனார். என் மேலிருந்த விசாரணையை முடித்துவிட்டார்கள். கேண்டீன் மேஜை மறுபடி நிரம்பிவிட்டது. எனக்குத்தான் இன்னும் அங்கே சாப்பாடு இறங்கவில்லை.

போகும்போது வராந்தாவில் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "அந்த அம்மா ஷேர் வாங்கிட்டாங்களா?"

அத்தை, இந்த உதவிக்கு நன்றி சொல்ல உட்கார்ந்தால் அதற்கு முந்தைய ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. கோர்ட்டில் உங்கள் மகனின் வக்கீல், "மருமக வீட்ட கவனிச்சுக்கிட்டாங்களா?" என்று உங்களிடம் கேட்டார். இல்லை என்பீர்கள் என்று நம்பித்தான் கூண்டில் ஏற்றினார். "கவனிச்சுக்கிட்டா. எங்க பையன்தான் அவள கவனிக்கல" என்றீர்கள். வெளியே வரும்போது உங்கள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று வேறு வாசல் வழியாகப் போய்விட்டேன். நீங்கள் முன்வாசலில் எனக்காக நின்றுகொண்டிருந்தீர்கள் என்று பிறகு என் வக்கீல் சொன்னார். அந்த வார்த்தைக்காக உங்கள் சாப்பாட்டு மேஜையே உங்களுக்குத் தனியாகிப் போனது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நன்றி அத்தை. இரண்டுக்கும். நடுவில் நான் கவனிக்காமல் விட்டதற்கெல்லாமும்.

இன்னொரு செய்தி: நான் கட்சி மாறிவிட்டேன். புதுப் பெட்டிகள் அணைந்து கிடந்த நாட்களில் அவசர சிகிச்சைப் பிரிவை ஓட்டியது பழைய நீலப் பெட்டிகள்தான். கீல் இல்லாமல், மூடியை நூலால் கட்டிக்கொண்டு ஓடின. மலிவாகச் செய்கிறவன் என்றைக்காவது ஒருநாள் மலிவான பாகத்தைப் போட்டுவிடுவான். நீங்கள் சொன்னதுதான் சரி. நீலத்தை விற்க வேண்டாம். ஃபிளாட் போனால் போகட்டும். இந்த அறைக்கு என்ன குறை? உங்கள் செருப்பைப் பார்த்ததிலிருந்து வீட்டுக்காரம்மா கதவைத் தட்டிவிட்டுத்தான் வருகிறார்.

அன்புடன்,
நான்தான்


ஜூன் 6

அம்மாடி,

நீ நீலத்துக்குப் போன அதே வாரத்தில் நான் சாம்பலுக்கு வந்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம் இருப்பது நடக்காத காரியம் போலிருக்கிறது.

தவறு செய்யாத கம்பெனி உண்டா? செய்தவன் வேன் வைத்துக்கொண்டு நேரில் வந்து, நாலு பேர் முன்னால் "எங்க மேலதான் குறை" என்கிறானே, அவனிடம் என் பணம் இருக்கட்டும். நீலக்காரனிடமும் அந்தக் கீலைப் பற்றி விசாரித்தேன். அதே தேன் குரல்தான். "எங்க பெட்டில குறையே கிடையாதும்மா" என்றது. கையிலே ரொக்கம் இருக்கிறது, காதிலே பஞ்சு இருக்கிறது. கீல் உடைவது அவன் காதுக்கு ஏறவே போவதில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். விற்றுவிடு. உன் பங்கோடு என் பங்கில் பாதியையும் வீட்டுக்கு வைத்துக்கொள். மறுக்காதே, மீதியில் எனக்குச் சாம்பல் வாங்கிக்கொள்கிறேன். வீட்டைக் கைநழுவ விடாதே. அறைக்கு என்ன குறை என்று என்னிடம் நாடகம் போடாதே.

இதை முன்பே அனுப்பியிருக்கலாம். கடன் இல்லை, ரொக்கம் இருக்கிறது என்று நான் எழுதியதெல்லாம் நிஜம்தான். ஆனால் கையெழுத்து உன் கைக்கு வந்துவிட்டால் எனக்கு எழுத உனக்கு என்ன காரணம் இருக்கும் என்று ஒரு பயம். அதனால் காலாண்டு, கணக்கு என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். உன் போன கடிதத்துக்குப் பிறகு அந்தப் பயம் போய்விட்டது.

தபாலில் சேர்க்க அவன்தான் எடுத்துப் போகிறான். உறையில் இருந்த உன் முகவரியைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நின்றான். "அவ நல்லா இருக்காளா?" என்றான். வீடு வாங்குகிறாள் என்றேன். "நல்லதும்மா" என்றான். அப்புறம் தானே ஸ்டாம்பும் ஒட்டினான்.

உன் அத்தை


ஆகஸ்ட் 18

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் மார்க்கெட். நாம் விற்ற மறுவாரமே நீலம் ஏறியது. நீங்கள் வாங்கிய சாம்பல் அசையாமல் நிற்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பல் டாக்டர் சொல்லிக்கொள்ளட்டும். நீங்களோ இதெல்லாம் ஒரு வருடம் கழித்துப் பேச வேண்டிய விஷயம் என்பீர்கள். அப்போது பேசுவோம், நேரில்.

போன வெள்ளிக்கிழமை சாவி கைக்கு வந்தது. இரண்டாவது மாடி. சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வாசலில் நின்றுதான் பேச முடியும். நாம் பேசாமலா இருக்கப் போகிறோம்? படுக்கும் அறை இரண்டு. பின்பக்கத்து அறையில் காலை வெயில் நன்றாக வருகிறது. செய்தித்தாள் படிக்கத் தோதாக ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். கட்டிலும் வந்துவிட்டது. எப்போது வருகிறீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்க மாட்டேன். டிக்கெட் எடுத்துவிட்டு எழுதுங்கள், பஸ் நிலையத்தில் நிற்கிறேன்.

இந்த வீடு உங்களாலும் வந்தது. அதை எந்தப் பத்திரத்திலும் எழுத முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

கட்டில் ஏற்றும்போது எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்த்தார். நல்ல மனுஷி, பார்த்த உடனே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ரெண்டு கட்டில் போகுதே, யாரு வர்றாங்க?" என்றார்.

"மாமியார் வர்றாங்க."

"ஓ, அப்படியா! வீட்டுக்காரர் எங்க வேலை பார்க்கிறார்?"

"வீட்டுக்காரர் இல்லங்க. மாமியார் மட்டும்தான்."

அவர் தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். நானும் விளக்கவில்லை.

உங்கள்
மருமகள்